பாட்டிலின் கடைசி ஐம்பது மீட்டர்

அணியில் அவனைப் பாட்டில் என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தயம் நடக்கும்போது பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கி, சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, நாக்குத் தள்ள மிதித்துப் போய் முன்னணி வீரர்களிடம் கொடுப்பது அவன் வேலை. பதினோரு வருடமாக அதே வேலை. சைக்கிள் பந்தயத்தில் இதற்கும் சம்பளம் உண்டு. ஜெயிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்று காலை ஓட்டல் லிஃப்டில் மேனேஜர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அடுத்த வருஷம் ஆளக் குறைக்கிறாங்கப்பா. உன் பேர்ல ஒரே ஒரு வெற்றி இருந்தாலும் நான் சண்டை போட்டு உன்ன வச்சுக்குவேன். இன்னைக்குக் கடைசிப் பந்தயம். யாருக்கும் தண்ணி தூக்க வேணாம். போ, பொழைச்சுக்கோ."

பரிமாறியே பழகியவனைத் திடீரென்று பந்தியில் உட்கார வைத்தது போல இருந்தது அவனுக்கு. இருந்தாலும் போனான்.

கடைசி மலையிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேனேஜர் பேசுவதைக் கேட்கக் காதில் செருகியிருந்த ரேடியோ இரண்டு முறை கரகரத்துவிட்டு உயிரை விட்டது. முன்னால் ஒரே ஒருவன்தான், வேறு அணியின் நெட்டையன், நாற்பது விநாடி தூரத்தில். பக்கத்தில் மீசைக்காரர், இன்னோர் அணிக்குத் தண்ணீர் சுமப்பவர். அவரும் இதுவரை எதையும் ஜெயித்ததில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தான். நெட்டையனின் முதுகைக் காணோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கையை ஆட்டி என்னவோ கத்தினார்கள். மழையில் ஒரு எழவும் கேட்கவில்லை.

"அவன் எங்கங்க?" என்றான்.

"இந்நேரம் எல்லைக் கோட்டத் தாண்டி முகம் கழுவியிருப்பான். நமக்கு ரெண்டாவது இடந்தான் தம்பி."

இரண்டாவது இடத்தை வைத்துக்கொண்டு மேனேஜர் என்ன செய்வார்? போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே மிதித்தான். கடைசி ஐம்பது மீட்டரில் அவன் சக்கரம் அரை அடி முன்னால் இருந்தது. பக்கத்தில் மீசைக்காரர் மூச்சுத் திணறுவது கேட்டது. அப்புறம் எப்படியோ அவர் சக்கரம் முன்னால் இருந்தது.

கோட்டுக்கு அப்பால் நெட்டையன் இல்லை. கேமராக்காரர்கள் ஓடிவந்து மீசைக்காரரை மொய்த்தார்கள். அவரோ வேறு யாரையோ எடுக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஒரு நிமிடம் கழித்து நெட்டையன் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். அணிக் கார்கள் கோட்டுக்கு முன்னாலேயே விலகிப் போவதற்காகப் பிரித்துவிட்ட தெருவுக்குள், முன்னால் போன கேமரா மோட்டார் பைக்கை நம்பி நுழைந்துவிட்டானாம்.

அப்படியானால் அந்த ஐம்பது மீட்டர் போட்டி முதல் இடத்துக்குத்தான் நடந்தது. பாட்டிலுக்கு அது மண்டையில் ஏறவே பத்து நிமிடம் ஆனது. அணியின் பஸ்ஸில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தான்.

"நீங்கதான் முதல்ல போறீங்கன்னு டிவி முன்னாடி நின்னு தொண்ட கிழியக் கத்தினேங்க. பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க."

"எனக்குத் தெரியலையேம்மா. ரேடியோ செத்துப்போச்சு."

"அது சரி, ஏன் பிரேக் பிடிச்சீங்க?"

"யாரு, நானா?"

"டிவில மூணு தடவ திருப்பித் திருப்பிக் காட்டினான். அந்தாளு திணறினாரு. நீங்க அவரப் பார்த்தீங்க. உடனே பிடிச்சீங்க."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். பிடித்ததாக ஞாபகமே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அழுகைதான் வந்தது.

"முதல் இடம்னு தெரிஞ்சிருந்தா பிடிச்சிருக்க மாட்டேன்," என்றான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "பிடிச்சிருக்க மாட்டேன்ல?"

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.