லொரெல் குழாய்களில் இட்ட அளவுகோல்

மெல்பர்ன் ஆய்வகத்தின் தேநீர் அறையில் அன்று மூன்று பேர். கணினிக்கு முன்னால் நெரிடா. அவளுக்கு இடப்பக்கம், ஆய்வுக்குச் சொந்தக்காரி லொரெல் பாஸ்கோ. வலப்பக்கம், அடிலெய்டிலிருந்து வந்திருந்த டெஸ்மண்ட் ஹாலிகன். லொரெலின் முடிவை யாராலும் திரும்பச் செய்துகாட்ட முடியாது என்று மாநாட்டு மேடையிலேயே சொன்னவர்.

கட்டுரைமேல் சந்தேகம் வந்தால், சம்பந்தமில்லாத ஒருவர் மூலத் தரவிலிருந்து எல்லாவற்றையும் புதுக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். அன்று அந்த வேலை நெரிடாவுக்கு. எழுதியவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது.

இரத்த நோயாளிகளிடம் 212 மரபணுக்கள் அடங்கிப்போகின்றன என்பது லொரெலின் ஆறு வருட உழைப்பில் கிடைத்த முடிவு. இரண்டு மணிநேரம் கழித்துத் திரையில் அதே 212 வந்தது.

"சரிம்மா, என் வாயை அடைச்சுக்கறேன்" என்றார் டெஸ்மண்ட்.

"இந்தாங்க, இதை வச்சு அடைச்சுக்கோங்க" என்று நெரிடா கேக் தட்டை நகர்த்தினாள்.

அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். "ஆனா லொரெல், எல்லாரோட மரபணுச் செயல்பாட்டு மொத்தத்தையும் சமமாக்கிட்டுத்தானே ஒப்பிட்டிருக்கே? இந்தத் தட்டுல ஒருத்தனே பாதியை முழுங்கினா, மத்தவங்க பங்கு குறைஞ்சுதான் தெரியும். நோயாளிகள்ல ஒரு மரபணு அப்படி முழுங்குதுன்னு நினைக்கறேன். நிரூபிக்கத்தான் வழியில்ல. வெளியிலேர்ந்து ஒரு அளவுகோல் வேணும்."

லொரெல் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "இருக்கு" என்றாள்.

"பேசக்கூடாதுன்னு சொன்னேனே!"

"இதுக்குப் பேசலாம், நெரிடா. ஒவ்வொரு ரத்த மாதிரிக் குழாய்லயும் செயற்கை ஆர்.என்.ஏ. ஒரே அளவு என் கையால போட்டேன். அதைப் பயன்படுத்தவே இல்ல. ஆனா தரவுல இருக்கு. அதை வச்சு ஓட்டு."

டெஸ்மண்ட் கேக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். அவள் சும்மா இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது. அவள் இடத்தில் நாம் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்போமா என்று நினைத்துப் பார்த்தார். பதில் அவருக்கே பிடிக்கவில்லை.

நெரிடா அதை வைத்து மறுபடி ஓட்டினாள். 212-இல் நான்கு மரபணுக்கள்தான் திரையில் மிஞ்சின.

"போச்சு" என்றாள் லொரெல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு இருக்கே, பரவாயில்ல."

"மொத்தத் தொண்ணூத்தாறு குழாய்லயும் போட்டியா?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"தொண்ணூத்தாறுலயும்."

"நான் என் வாழ்நாள்ல ஒண்ணுலகூடப் போட்டதில்ல" என்றார் அவர்.

கட்டுரையைத் திரும்பப் பெற, மையில் கையெழுத்திட்ட கடிதம்தான் வேண்டும் என்பது அதை வெளியிட்ட இதழின் விதி. லொரெல் அங்கேயே அமர்ந்து எழுதினாள். டெஸ்மண்ட் பேனாவைக் கேட்டு வாங்கி, அடியில் இரண்டு வரி சேர்த்தார்: 'திரும்பச் செய்துகாட்ட முடியாது என்று நான் சொன்னது தவறு. பிழையைக் காட்டிக்கொடுத்த அளவுகோல் பாஸ்கோ இட்டது.' கீழே கையெழுத்திட்டார்.

லொரெல் அதை இரண்டு முறை படித்தாள். உறையை ஒட்டி, தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டியில் தானே போட்டாள்.