ஐந்தில் மூன்று பாதைகள்

அவள் வானிலை மையத்தில் முன்னறிவிப்பாளர். மதியம் இரண்டரைக்கு வந்த செயற்கைக்கோள் படத்தில், கடல் நடுவே இருந்த மேகக்கூட்டம் இறுகிச் சுருண்டிருந்தது. அது புயலாகுமா, எங்கே கரையேறும் என்பதில்தான் குழப்பம். கணினி போட்டுக் கொடுத்த ஐந்து பாதைகளில் மூன்று இந்தக் கரைக்கே வந்தன. இரண்டு வடக்கே விலகிப் போயின.

கைபேசி அதிர்ந்தது. கடலோரத்தில் குடியிருக்கும் அக்கா.

"ஏண்டி, வருமா வராதா? உங்க அத்தான் நகரவே மாட்டேங்கிறாரு."

போன வருடம் அவள் எழுதிய எச்சரிக்கையை நம்பி அந்தத் தெருவே மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. புயல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அத்தானின் பட்டறைப் பூட்டை உடைத்து, யாரோ சாமான்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றிலிருந்து, "மச்சினிச்சி மழைன்னு சொன்னா துணியைக் காயப் போடலாம்" என்பார்.

மேலதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மறுபடியும் பொய்யாச்சுன்னா நம்மள ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

"எழுதாம விட்டு, வந்துட்டா சார்?"

அவர் குனிந்து, திரையில் அந்த மூன்று பாதைகளையும் விரலால் தொடர்ந்தார். "வெளியேறச் சொல்லி எழுதும்மா. கையெழுத்துப் போடறேன்."

அறிக்கை போய் அரை மணி நேரமாகியும் தெருவில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் அத்தானைத்தான் பார்க்கிறார்கள் என்று மறுபடி அழைத்துச் சொன்னாள் அக்கா.

"போனை அவர்கிட்ட குடு."

"சொல்லுங்க மேடம்," என்றது கிண்டல் குரல்.

"அத்தான், எனக்கே உறுதியாத் தெரியலை."

அந்தப் பக்கம் கிண்டல் நின்றது. அவள் தொடர்ந்தாள்.

"அஞ்சு பாதையில மூணு உங்க பக்கம் வருது. ரெண்டு வரலை. வந்தா, கடல் தண்ணி உங்க ஜன்னல் உயரத்துக்கு நிக்கும். போன தடவை தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். உங்க பட்டறை போனதுக்கு ஒரு வார்த்தைகூட விசாரிக்கலை. ரெண்டும் என் தப்புதான்."



"ஒரு எஞ்சின் அஞ்சுல மூணு தடவை நடுக்கடல்ல நின்னுரும்னு தெரிஞ்சா, நான் அந்தப் படகை விடவே மாட்டேன்," என்றார் அத்தான் மெல்ல. பிறகு போனை வைக்காமலே தெருவைப் பார்த்துக் கத்தினார். "ஏய், எல்லாரும் கிளம்புங்கப்பா! அவளே உறுதியாத் தெரியலைன்னு மறைக்காம சொல்றா. இதுக்கு மேல என்ன வேணும்?"

மறுநாள் காலை பத்து மணிக்குப் புயல் கரையேறியது. கடலோரத்துக்குப் போட்ட அழைப்பு ஒன்றுகூட இணையவில்லை. அக்காவின் எண்ணை அவள் எத்தனை முறை அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மாலை நான்கு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து அத்தான்.

"பட்டறை சுவரோட போச்சு. முன்வரிசையில மூணு வீடு தரைமட்டம். ஆளுங்களை எண்ணிட்டேன், ஒருத்தர் குறையலை."

"அக்கா?"

"பள்ளிக்கூடத்துல எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருக்கா. புயலே தேவலை."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, உள் மாவட்டங்களுக்கு நகர்ந்துவிட்ட மழையைப் பற்றி எழுத உட்கார்ந்தாள்.