முனியாண்டி கோயில் மணி

எண்பத்து மூன்றில் நர்ஸ் வேலைக்குக் கனடா போன நான், ஒரு லீவு நாளில் எங்கள் கேமரன்மலைத் தேயிலைத் தோட்டத்துப் பழைய கனடாக்காரத் துரையின் ஊரைப் பார்க்கப் போனேன். கடல் மாதிரி ஏரி. துறைமுக முனையில் நூறு வருஷத்துக் கலங்கரை விளக்கம். அதன் வாசலில் ஒரு மணி தொங்கியது. பனி மூடினால் கப்பல்களுக்காக அடிப்பார்களாம்.

அதன் விளிம்பில் 'முனியாண்டி துணை' என்று தமிழில் வெட்டியிருந்தது.

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்காக லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் குடமும் செம்பும் கொடுத்து, உருக்கி வார்த்த மணி அது. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த குடமும் அதில் இருக்கிறது. எழுபத்து நாலில் மணி காணாமல் போனது. பூசாரி சிங்காரம் மாமாதான் விற்றுத் தின்றுவிட்டார் என்று தோட்டமே காறித் துப்பியது. நானும்தான் துப்பினேன். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு காய்கறி லோரியில் ஏறிப் போய்விட்டார்.

மணிக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு பலகை: 'தலைமைக் கங்காணி மாடசாமி துரைக்கு அன்பளிப்பாகத் தந்தது, 1974.'

மாடசாமி என் அப்பா.

அன்றைக்குக் கோயிலில் சூடத்தைக் கொளுத்தி, "அடிச்சு சத்தியம் பண்ணுடா, திருட்டு நாயே!" என்று சிங்காரம் மாமா முன்னால் தட்டை நீட்டியவரும் அவர்தான்.