மம்சாபுரம் நூலகம் தெரு மாறிய வரலாறு

புத்தகங்களை லாரியில் ஏற்றி அனுப்பிய மறுவாரம் மம்சாபுரம் நூலகக் கட்டிடம் நகர ஆரம்பித்தது. ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த ஒரு மதியத்தில் அது தன் காம்பவுண்டைத் தாண்டி வந்து டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றது. சுவரில் ஒரு கீறல் இல்லை, ஜன்னல் கண்ணாடி உடையவில்லை. பழைய இடத்தில் செம்மண்ணும் வாசகர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளும் மட்டும் கிடந்தன. டீக்கடை சமுத்திரம் பெஞ்சைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டார். மேற்கு வெயிலைக் கட்டிடம் மறைத்துக்கொண்டதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

நூலகத்தின் புத்தகங்கள் எல்லாவற்றையும் அந்த வருஷம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். நல்ல காரியம்தான், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எல்லையில் காவல் நிற்கும் மம்சாபுரத்துக்காரர் பனிக்குள் இருந்தபடியே ஊர் நூலகத்துப் புத்தகத்தைப் போனில் படித்தார். மாந்தோப்புக் காவலுக்குப் போனவர் மரத்தடியிலேயே படித்தார். காகிதப் புத்தகங்கள் ராஜபாளையத்தில் ஒரு குடோனுக்குப் போய்ச் சேர்ந்தன. இங்கே மிஞ்சியது மேசை, நாற்காலி, மின்விசிறி, நூலகர் யுவராணி. இத்தனை காலம் கட்டிடத்தை இருத்தி வைத்திருந்தது புத்தகங்களின் கனம்தான் என்று ஊர் பேசி முடித்துக்கொண்டது. அதற்குமேல் யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை.

கவலைப்பட வேண்டியவள் சத்யப்பிரியா ஒருத்திதான். காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வயது வரம்பில் அதுவே அவளுக்குக் கடைசி வாய்ப்பு. வீடு ஒற்றை அறை. அப்பா கருத்தையா ராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் உறங்குவார். அண்ணன் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். வாய்விட்டுப் படித்தால்தான் சத்யப்பிரியாவுக்கு மனதில் ஏறும். அந்த வீட்டில் வாய்விட்டுத் தும்மக்கூட வழியில்லை. அதனால் நூலகத்துக்கு வந்து படித்தாள். காலியான நூலகத்தில் சத்தம் போடாதே என்று சொல்ல யுவராணிக்கும் மனம் வரவில்லை. சத்யப்பிரியா படித்துக்கொண்டிருக்கும்போதே கட்டிடம் தெரு மாறும். வெளியே வந்தால் வேறு தெருவாக இருக்கும். கொதிக்கிற தார்ரோட்டில் வெறுங்காலோடு ஓடிப்போய்ச் செருப்பைத் தேடுவாள். வெளியில்தான் செருப்பை விடவேண்டும் என்பதை மட்டும் கடைசிவரை ஒருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

புத்தகம் இல்லாத கட்டிடம் எதற்கு, இடித்துவிட்டுக் கடைகள் கட்டலாம் என்று மேலே முடிவானது. பொறுப்பெடுத்த அதிகாரி தங்கமான மனுஷர், ஆனால் சொன்ன நாளில் சொன்ன வேலையை முடிக்கிற ரகம். இடிக்க வந்த ஒவ்வொரு முறையும் கட்டிடம் வேறு இடத்தில் நின்றதால் அவருக்கு வெறுத்துப் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற சங்கிலிப்பாண்டிக்கு ஆள் அனுப்பினார். அத்தனை பெரிய தேரையே நிறுத்துகிறவருக்கு ஒரு நூலகம் எம்மாத்திரம் என்பது அவர் கணக்கு.

சங்கிலிப்பாண்டி கட்டையோடு வந்து காத்திருந்தார். கட்டிடம் அன்று மெயின் ரோட்டில் நிதானமாக வந்தது. நேராக வருவதை நேராக நிறுத்த இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஆனால் கட்டிடம் வந்து சேர்ந்ததோ ஒரு தெரு முக்கில். முக்கு என்றால் தேரைத் திருப்பத்தான் வேண்டும். வாலிப வயதிலிருந்து அவர் கை அதற்குத்தான் பழகியிருந்தது. நிறுத்த வந்ததை மறந்து இடது மூலையில் மட்டும் கட்டையைக் கொடுத்தார். கட்டிடம் அழகாக வளைந்து திரும்பியது. குறுகலான தெருவுக்குள் நுழைந்து, இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே பிதுங்கி, கருத்தையா வீட்டு வாசலில் போய் நின்றது.

“யோவ், என்ன காரியம்யா செஞ்சீரு?” என்று அதிகாரி தலையில் கைவைத்தார்.

“முக்கக் கண்டா கை தானாப் போட்டிருது சார்” என்றார் சங்கிலிப்பாண்டி. கூச்சத்தில் அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

இடிக்கிற இயந்திரம் அந்தத் தெருவுக்குள் நுழையாது. ஆள் வைத்து இடிக்கலாமா என்று அதிகாரி யோசித்துக்கொண்டிருந்தபோது சத்யப்பிரியா கட்டிடத்துக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

“பொஸ்தகம் பூரா ஒன் போனுக்கே வந்திருச்சேம்மா. இனி கட்டிடம் எதுக்கு?” என்றார் அவர்.

“பொஸ்தகம் வந்திருச்சு சார். தொறந்து வச்சு ஒக்கார எடம் எங்க வந்துச்சு? வீட்டுல எங்கய்யா ஒறங்குதாரு. எனக்கு இதான் கடைசிப் பரிச்ச. பொறவு வயசு தாண்டிரும் சார்.”

கூடியிருந்தவர்களும் விடவில்லை. கிளம்பின தேர் நிலைக்கு வந்து சேரும் முன்னே நடுவழியில் அதில் கைவைக்கிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது என்றார்கள். அதிகாரிக்கும் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் காலி அலமாரிகளை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நீளமான மேசைகளும் போன் சார்ஜ் போட வசதியும் அனுப்பிவைத்தார். அதன்பிறகு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. கௌதம்ராஜ் வேலைக்கான நேர்காணலைப் போனிலேயே அங்கே உட்கார்ந்து முடித்தான். வெள்ளைத்தாய், மாமியார் காதில் விழாமல் பட்டாளத்துக் கணவனோடு போனில் சண்டை போட வந்தாள். கனம் கூடியதாலோ என்னவோ, கட்டிடம் அசையவில்லை. சத்யப்பிரியா தேறினாள். கருத்தையா ஒரு பகல் முழுக்க உறங்காமல் தெருவில் நின்று, போகிற வருகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

பயிற்சி முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் போக்குவரத்துக் காவலுக்கு வந்தவள் முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள். வாசலில் கட்டிடம் இல்லை. வெயில் நேராக வீட்டுச் சுவரில் அடித்தது. அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று யுவராணியைப் போனில் கூப்பிட்டுச் சண்டை பிடித்தாள்.

“ஒனக்குத்தான் வேல கெடச்சிருச்சே ஏட்டி. மகாராஜபுரம் பக்கம் யாருக்கோ தேவப்படும்போல, அங்கிட்டுதான் போய்க்கிட்டிருக்கோம். புதன்கெழம நீ நிக்கிற முக்குக்கு வந்துருவோம்” என்றாள் யுவராணி.

சொன்னபடி புதன்கிழமை காலையில், அவள் காவலுக்கு நிற்கும் மடவார் வளாகம் முக்கில் கட்டிடம் தெரிந்தது. சத்யப்பிரியா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடுரோட்டில் நின்று கையைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து ஒருவர் எம்புட்டு நேரம் ஆகும் என்று கேட்டார். கட்டிடம் அவளைக் கடந்தபோது ஜன்னல் வழியே யாரோ ஒரு பெண் வாய்விட்டுப் படிப்பது கேட்டது. சத்யப்பிரியா பஸ் பக்கம் திரும்பினாள்.

“செத்த நேரந்தாண்ணே. உள்ள ஆளுக படிச்சுக்கிட்டிருக்காக, ஹாரன் அடிக்காதீக” என்றாள்.

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். எஞ்சினையும் அணைத்துவிட்டு, நூலகம் ரோட்டைக் கடந்து முடியும்வரை காத்திருந்தார்.