இருக்கைக்கு அடியில் அவல்

பனிக்காலத்துக்கு முன் யாதவி தன் மோட்டார் சைக்கிளின் நம்பர் தகட்டைக் கழற்றி வாகனப் பதிவுக் கந்தோரில் ஒப்படைத்தாள். தகடு இல்லாவிட்டால் அந்த மாதங்களுக்கு வரியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. பிறகு வண்டியை எங்கள் நிலக்கீழ்க் கராஜில் கொண்டுவந்து நிறுத்தினாள். அது என் காரின் இடம். என் கார் தெருவுக்குப் போனது. விடிய எழும்பிக் கண்ணாடியில் உறைபனி சுரண்டியது யார்? நான்தான். “நல்ல எக்ஸர்சைஸ் அப்பா” என்றாள். என்ன வாய் பாருங்கள்!

மகள் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். தாங்கி நிறையப் பெற்றோல், செயினுக்கு எண்ணெய், பற்றரி கழற்றி வீட்டுக்குள். அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். என் மனைவி மனோகரி நினைக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு பூசைத் தட்டோடு கீழே போனாள். எனக்கு ஆச்சரியம். அவளுக்கு அந்த வண்டியைக் கண்ணிலும் காட்டக் கூடாது. அவள் வேலை செய்கிற பராமரிப்பு இல்லத்தில், மோட்டார் சைக்கிளால் விழுந்து இடுப்பு உடைந்த ஒரு மனிதரைத் தினமும் குளிப்பாட்டுகிறாள்.

யாதவியின் பயிற்சி அனுமதி ஏப்ரலோடு முடிகிறது. வண்டி ஓட்டும் பரீட்சையில் ஒருமுறை தவறிவிட்டாள். இரண்டாவதற்குக் கிடைத்தது ஒரு வியாழக்கிழமை. அதையும் விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முந்தின திங்கட்கிழமை பற்றரியைப் பூட்டுவதற்காக இருக்கையைத் தூக்கினாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே ஒரு எலிக்கூடு. கிழிந்த பிளாஸ்ரிக் பையில் கொஞ்சம் அவல், சர்க்கரைக் கறை. வயர்கள் எல்லாம் கொறித்துக் கிடந்தன. மனோகரி அன்று பிள்ளையாருக்குப் படைத்தது பிள்ளையாரின் வாகனத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். புது வயர் வர இரண்டு கிழமை ஆகும் என்றான் மெக்கானிக்.

யாதவி மேலே போய்ப் பையை மேசையில் வைத்தாள்.

“அம்மா, இதை வேணுமெண்டு வைச்சனீங்களோ?”

“ஓம், வேணுமெண்டுதான். பனிக்காலம் முழுக்க ஒரு வாகனம் வெறும் வயித்தோடை நிக்கிறதோ?”

“நான் ஓடக்கூடாதெண்டு நேந்திருப்பீங்கள்.”

மனோகரி அடுப்பை நிற்பாட்டினாள். “நீ விழக்கூடாதெண்டு நேந்தனான். ஓடக்கூடாதெண்டு நேரேல்லை. நேந்திருந்தா நடந்திருக்கும் பிள்ளை.”

மகள் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம். நான் செய்ததோ எலிக்கூட்டைத் துப்புரவாக்கியது மட்டும்தான்.

மனோகரி போனை எடுத்தாள். கூட வேலை செய்யும் பிரபாலினியின் மகன் சாயிசன் ஆரா நகரத்தில் இருக்கிறான். அவனிடமும் அதே மாதிரி ஒரு வண்டி. “தம்பி, ஒரு நாளைக்குத் தருவியோ? கீறல் விழாமல் கொண்டுவந்து தருவாள்” என்று கெஞ்சினாள். மோட்டார் சைக்கிள் கேட்டு, அதுவும் தன் வாயால்! எனக்குக் கண் கலங்கியது உண்மை.

வியாழன் காலை கராஜில் யாதவி சாயிசனின் வண்டியில் ஏறினாள். மனோகரி தள்ளி, லிஃப்ட் வாசலில் நின்றாள். இந்த முறை தட்டு இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு நாளாகத் தாயும் மகளும் கதைக்கவில்லை. எஞ்சின் இரைந்தது. போகிறாள் என்று நினைத்தேன். நிற்பாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, தேசிக்காய் எங்கை?”

மனோகரியின் கை ஜாக்கெட் பைக்குள் போனது. கொண்டுதான் வந்திருந்தாள்! ஓடிப்போய்க் குனிந்து முன் சக்கரத்தடியில் வைத்தாள்.

“அவல் கொண்டு வரேல்லையோ?”

“கதைக்காமல் போ.”

சக்கரம் தேசிக்காயை நசித்துக்கொண்டு போனது.

மத்தியானம் செய்தி வந்தது. எனக்கு அல்ல, மனோகரிக்கு. வாசித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

“விழேல்லை அம்மா. பாஸும் பண்ணிட்டன்.”