வாடைக்கு ஒரு தட்டி

பாப்பாயி கீற்றுத் தட்டியின் கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஸ்ரீரங்கத்தின் வடக்கு ஓரத்தில், கூரையில்லாத அந்த பஸ் நிறுத்தத்தில், கொள்ளிடத்து வாடைக்காற்று ஆளைக் குத்தி எடுத்தது. மார்கழி பிறந்ததிலிருந்து முதல் பஸ் ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள்கள்தான் ஆளுக்குக் கொஞ்சமாகக் கீற்றும் மூங்கிலும் கொண்டுவந்திருந்தார்கள்.

தட்டியின் மறைவில் அவள் புருஷன் மருதை கோணிச் சாக்கைப் போர்த்திக் குந்தியிருந்தான். கல்லுடைத்த தூசியெல்லாம் நெஞ்சில் இறங்கியவன். ஊசி போட அவனைப் புத்தூர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவள் வேலைக்கு ஓட வேண்டும். குளிர் பட்டால் இருமலில் மறுபடி ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பஸ் கம்பெனி டைம்கீப்பர் அமிர்தசாமி கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டே தன் மரக்கூண்டிலிருந்து வெளியே வந்தார்.

"யாரு இதக் கட்டச் சொன்னது? கம்பெனி போர்டு மறையுது பாருங்க. அவுருங்க."

"தை பொறந்தா நாங்களே அவுத்துடுறோங்க சார்."

"இன்னிக்கித் தட்டி, நாளைக்கிக் குடிச. மொதலாளி கார் இந்த வழியா வருது. என் வேலையப் போக்கிடாதீங்க."

"ஷெட்டு போடுங்கன்னு ரெண்டு வருசமாக் கேக்குறோம். அப்பல்லாம் மொதலாளி எந்த வழியாப் போனாருங்க?"

அமிர்தசாமி தட்டியை நெருங்கினார். பையிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். சரிந்த தட்டி மருதையின் மேல் விழாமல் பாப்பாயி முதுகைக் கொடுத்துத் தாங்கினாள்.

"இவர மட்டுமாச்சும் ஒங்க கூண்டுல உக்கார வைங்க சார்."

"இருமுறவர உள்ள வச்சா எனக்கு ஒட்டிக்காதா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா."

வாய்வரை வந்த வசவை அவள் விழுங்கினாள். திட்டினால் பஸ்ஸில் ஏற விடமாட்டார்.

பஸ் வந்து நின்றது. குளிருக்கு ஜன்னல் படுதாக்கள் இறக்கிவிடப்பட்டிருந்தன. என்ஜினை அணைக்காமலே டிரைவரும் கண்டக்டரும் டீக்கடைக்கு நடந்தார்கள்.

"விசில் அடிச்சப்புறந்தான் ஏறணும்" என்று சொல்லிவிட்டு அமிர்தசாமி கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்தாள்கள் ஒவ்வொருவராக பஸ்ஸின் பின்பக்கம் போனார்கள். புகைக்குழாயிலிருந்து கறுப்பாக வந்த புகையில் கால்களைக் காட்டிக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள்.

"பாப்பாயி, இங்க வாடி. வெதுவெதுன்னு இருக்கு."

மருதைக்குப் புகை ஆகாது. அவள் போகவில்லை. வடக்கே முதுகைக் காட்டி, முந்தானையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவன்முன் நின்றாள். அத்தனை சீட்டும் காலியாக, பஸ் உறுமிக்கொண்டிருந்தது.