கிமிஸ் குடித்த வேன்

பிஷ்கெக் கார் சந்தையில் நானும் ஏர்மெக்கும் பானெட்டை வைத்துத்தான் பேசிக்கொள்வோம். நான் வண்டி வாங்கி விற்பவன். அவன் எலக்ட்ரீஷியன், எனக்காக எஞ்சினைப் பார்ப்பவன். விற்க வந்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது வாயைத் திறக்க முடியுமா? படாரென்று பானெட்டை அறைந்தால் ‘தேறாது, நடையைக் கட்டு’ என்று பொருள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல மெல்ல மூடினால், ‘கோளாறு சின்னது, நீ விலையை அமுக்கு.’ எட்டு வருஷத்தில் அந்த பானெட் பாஷை ஒரு தடவைகூட என்னை ஏமாற்றியதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் பானெட் மூடப்படாமலே நின்றது.

ஜூன் மாதம், காலை நேரம். கனிஷாய் தன் வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டு வந்தாள். சூசமிர் மேய்ச்சல் நிலத்திலிருந்து தோ-அஷூ கணவாய் ஏறி நகரத்துக்கு ஆள் கொண்டுவருகிறவள். புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில். அவன் விட்டுப்போன வண்டியை நாலு வருஷமாக இவள்தான் ஓட்டினாள். முழங்கை வரை ஏறும் தோல் கையுறை, அவனுடையதுதான்.

“வாங்கிக்கறியா அண்ணா? கணவாய் உச்சில செத்துப்போகுது. போன வாரம் பன்னெண்டு பேரு பனில எறங்கித் தள்ளினாங்க. அதுல ஒருத்தி மணப்பொண்ணு.”

“மெக்கானிக் யாரும் பாக்கலியாம்மா?”

“மூணு பேரு பாத்தாச்சு. ஒருத்தன் சென்சாரை மாத்துனான், ரெண்டு வாரம் ஓடுச்சு. இன்னொருத்தன் பம்ப மாத்துனான். மூணாமவன் கண்ணு பட்டிருக்குன்னான். அவன்தான் காசு கம்மியா வாங்குனான்.”

வண்டி போனால் அவளும் மாஸ்கோ போகவேண்டியதுதான். அங்கே ஒரு கடைத்தெருவில் தரை துடைக்கும் வேலை தயாராக இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளையும் நாத்தனார் வீட்டில் விடுவதாகப் பேச்சு. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் இரக்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் வியாபாரி பெற்ற பிள்ளை. அழுகிறவனிடம் விலை கேள், சிரிக்கிறவனிடம் விலை சொல் என்று சொல்லி வளர்த்தார்கள்.

எங்கள் வழக்கப்படி கை கோத்துக்கொண்டோம். என் நீண்ட சட்டைக் கைக்குள் இரண்டு கைகளும் மறைந்திருக்க, விரலை அழுத்திப் பேரம். சுற்றி நிற்பவன் எவனுக்கும் விலை தெரியாது. விற்கிறவர் விரல் மடங்கிச் சம்மதித்துவிட்டால் அவர் பேச்சு மாறக்கூடாது. வாங்குகிறவன் மட்டும், கை பிரியும்வரை பின்வாங்கலாம். இந்தச் சட்டத்தைச் செய்தது யார் என்று கேட்காதீர்கள். விற்கிறவன் செய்திருக்க மாட்டான்.

அந்தப் பக்கம் ஏர்மெக் வேலையைத் தொடங்கிவிட்டான். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பது அவனுக்குக் கடைசிப் படி. முதலில் ஒயர்களை சென்சாரோடு இணைக்கும் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெள்ளைக் காகிதத்தைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டு எடுப்பான். நிறம் பார்ப்பான், விரலில் தேய்ப்பான், மோந்து பார்ப்பான். எஞ்சின் ஆயில் என்றால் கறுத்து வழுக்கும். ரேடியேட்டர் தண்ணீர் இனிப்பாக வாசமடித்துப் பிசுபிசுக்கும். இந்த மூக்குக்காகவே சிகரெட்டை விட்டவன் அவன். “பொண்டாட்டி கேட்டு விடாதவன், பிளக்குக்காக விட்டுட்டான்” என்று சந்தை முழுக்கச் சிரிக்கும்.

நான் விரலை அழுத்தினேன். வண்டியின் மதிப்பில் பாதிகூட இல்லை. கையுறைக்குள் அவள் விரல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு மடங்கியது.

நான் பானெட்டைப் பார்த்தேன். மெல்ல மூடு, மூடுடா மகராசா.

ஏர்மெக் ஒரு திரியை மூக்கருகே வைத்தபடி நின்றான். இன்னொரு தரம் மோந்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

“யக்கா! இதுல யாரு கிமிஸ் ஊத்துனது?”

புளித்த குதிரைப்பாலை எஞ்சினில் மோந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

“நான்தான்” என்றாள் கனிஷாய். “வருஷா வருஷம் மொதக் கிண்ணம் வண்டிக்கு. அவரு டயர்ல ஊத்துவாரு. இழுக்கறது எஞ்சின், டயருக்கு எதுக்குன்னு நான் எஞ்சினுக்கே ஊத்துனேன். ஏன், தப்பா?”

“தப்பில்ல, குசும்பு! எஞ்சின் சுத்தறத கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சார் இது. பிளக்குக்குள்ள பால் காஞ்சு கெடக்கு, பாரு, பின்னு கம்பியெல்லாம் பச்சை பூத்திருக்கு. கீழ ஊர்ல காத்து காஞ்சது, ஒண்ணும் ஆவாது. கணவாய்ல மூடுபனி ஏறுனா ஊறிக்கும், கரண்டு கண்ட பக்கம் ஓடிரும்.”

பிளக்கை மாட்டி எஞ்சினை ஓட விட்டான். டீ கிளாஸிலிருந்து ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தான். வேன் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. ஊதிக் காயவைத்தான், ஓடியது. தெளித்தான், அணைந்தது. பிறகு ஒயரின் தோலை உரித்துக் காட்டினான். ஒரு சாண் தூரத்துக்கு உள்கம்பி கறுத்திருந்தது.

“திரி எண்ணெய உறிஞ்சுற மாதிரி உறிஞ்சிருக்கு. அதான் புது சென்சார் போட்டும் நிக்கல. செம்பு பளபளன்னு வர்ற வரைக்கும் வெட்டிட்டு, புது ஒயரும் புது பிளக்கும் போட்டா தீந்துது. மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவேன்.”

பானெட் திறந்தே இருந்தது. என் சட்டைக் கைக்குள் அவள் கையும் அப்படியே இருந்தது.

“பாவி, உன் வாயில மண்ணு விழ” என்றேன் ஏர்மெக்கிடம். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தலையைச் சொறிந்தான்.

கனிஷாய் கையை இழுக்கவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “வெரல் மடக்கிட்டேன். மடக்குனா மடக்குனதுதான். வண்டி உன்னுது அண்ணா.”

அழுதிருந்தால் எனக்குச் சுலபம்; விலை பேசியிருப்பேன். அவள் நிமிர்ந்து நின்றாள். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தையில் எனக்கென்று கொஞ்சம் கெட்ட பெயர் இருந்தது, அதையும் காப்பாற்ற வேண்டும்.

கையை வெளியே இழுத்தேன். எல்லாரும் பார்க்கும்படி அவள் கையைத் தூக்கிப் பிடித்தேன்.

“இது என்னம்மா? கையுறையா? கையுறை போட்ட கையில எங்க சந்தைல பேரம் செல்லாது தெரியுமா? ஏர்மெக், சட்டம் சொல்லு!”

“செல்லாது, செல்லாது” என்றான் ஏர்மெக், அப்படி ஒரு சட்டத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டிராதவன். “எங்க தாத்தா காலத்துலேருந்து செல்லாது.”

நான் கையை விட்டேன். கனிஷாய் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒயருக்கு எவ்வளவு?” என்று கேட்டாள். ஒயருக்கு நியாயத்துக்கு மேலேதான் வாங்கினேன். என் பெயர் என்ன ஆவது?

இப்போது வண்டியைப் போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள். ஏர்மெக் சியோல் போய்விட்டான்; குளிர்பதனப் பெட்டிக் கம்பெனியில் மோந்துகொண்டிருக்கிறானாம். என் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குச் சிரிக்கத் தெரியவில்லை. ஒரு வண்டியைப் பார்த்து முடித்ததும் என் காது இன்னும் பானெட் சத்தத்துக்காகக் காத்திருக்கும்.

கனிஷாய் அதன்பிறகு பதினோரு வருஷம் அந்த வேனை ஓட்டினாள். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பாட்டில் கிமிஸோடு என் கடை வாசலில் நிறுத்துவாள். முதல் மடக்கை முன் டயரில் ஊற்றுவாள். அப்புறம் பல்லால் கடித்து வலது கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையை என்னிடம் நீட்டுவாள்.

“இப்பச் செல்லும்ல அண்ணா? வெலை சொல்லு.”

“வேணாம் தாயே. அந்த வண்டி குடிக்கும்னு ஊருக்கே தெரியும்.”